டெக்ஸ் வில்லருக்கு ஒரே தோட்டா... நமக்கு?



இந்த முறை கொஞ்சம் ஏடாகூடமான சப்ஜெக்ட். ரிவால்வர் ஒன்று கையில் இருக்கிறது, அதற்கு ஜோடியாக ஒரு லீவர் ஆக்ஷன் கார்பைன் வாங்க வேண்டும், எதை வாங்கலாம்? நைனார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க வேண்டிய விஷயமாடா இது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆனால் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் நம்ம மக்காச்சோளக் கொல்லைக்கும், அங்கிருந்து கல்வராயன் மலைக்கும் வந்து சேரலாம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

முதலில் லீவர் ஆக்ஷன் என்றால் என்ன? லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சிவகாசியில் 1984-ல் தொடங்கிய அந்தக் காமிக்ஸில் வரும் டெக்ஸ் வில்லர், 1948-ல் இத்தாலியில் பிறந்த ஹீரோ. எழுதியவர் ஜியான் லூயிஜி பொனெல்லி, வரைந்தவர் அவ்ரேலியோ கல்லெப்பினி. டெக்ஸும் கிட் கார்சனும் எங்கே போனாலும் இடுப்பில் கோல்ட் ரிவால்வர், குதிரைச் சேணத்தில் வின்செஸ்டர். படிக்காதவர்களுக்கு 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) இருக்கிறது. நம்ம அப்பாக்கள் காலத்துக்கு ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972).

அந்த நீளத் துப்பாக்கியில் விரல் வைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னுக்குப் போய் நிற்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். கார்பைன் என்றால் குட்டையான ரைஃபிள். குதிரைமேல் உட்கார்ந்து கையாள வசதி. அவ்வளவுதான் மேட்டர்.

ஒரே தோட்டா என்கிற ஐடியா

1873-ல் வின்செஸ்டர் கம்பெனி ஒரு ரைஃபிளும் அதற்கென்று ஒரு புதுத் தோட்டாவும் கொண்டு வந்தது. தோட்டாவின் பெயர் .44-40. அதாவது சுமார் .44 அங்குலக் குண்டு, 40 கிரெய்ன் கரிமருந்து. அதே 1873-ல் கோல்ட் கம்பெனியின் பிரபலமான ரிவால்வரும் வந்தது, ஆனால் அது .45 தோட்டாவுக்கானது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 1870களின் கடைசியில் கோல்ட் தன் ரிவால்வரை .44-40லும் செய்து விற்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரே பெட்டித் தோட்டா வாங்கினால் போதும். இடுப்பில் இருப்பதற்கும் அதுதான், சேணத்தில் இருப்பதற்கும் அதுதான்.

இது ஸ்டைலுக்காக வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். கடை பல நாள் பயண தூரத்தில் இருக்கிறது. சுமக்கக்கூடிய எடைக்கு ஒரு அளவு இருக்கிறது. இருட்டில், பயத்தில், கை நடுங்கும்போது எந்தப் பையில் எந்தத் தோட்டா என்று தேட முடியாது. அந்த நிலைமைக்குச் சொல்லப்பட்ட பதில்தான் இந்த ஜோடி. ஆனாலும் எல்லாரும் இப்படிப் பொருத்தி வாங்கவில்லை. கோல்ட் ரிவால்வரில் அதிகம் விற்றது .45 தான், .44-40 இரண்டாம் இடம். அந்தக் காலத்து .45 தோட்டாவின் விளிம்பு ரொம்பச் சிறியது, லீவர் ரைஃபிளின் கொக்கி அதைப் பிடித்து இழுக்காது. அதனால் அந்தக் காலத்தில் .45-க்கு ஜோடி ரைஃபிள் கிடையாது. இன்று கிடைக்கிறதென்றால், தோட்டாவின் விளிம்பை மாற்றிய பிறகு வந்தது.

இன்றைக்கு ஒருவர் தேர்ந்தெடுத்தால்?

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆள் யாராவது கேட்டால் என் ஓட்டு .357 மேக்னத்துக்கு. இந்தத் தோட்டா வந்தது 1935-ல். காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, .357 ரிவால்வரிலும் கார்பைனிலும் சின்னத் தோட்டாவான .38 ஸ்பெஷலும் போகும். விலை குறைவு, உதை குறைவு, பழகுவதற்கு நல்லது. (சில கார்பைன்களில் நீளம் குறைந்த தோட்டா இடறும். வாங்கும் முன் சுட்டுப் பார்க்க வேண்டும்.)

இரண்டு, நீளக் குழலின் பலன். 158 கிரெய்ன் குண்டு ரிவால்வரிலிருந்து நொடிக்குத் தோராயமாக 1,200 அடி வேகத்தில் போகும். அதே தோட்டாவைக் கார்பைனில் போட்டால் 1,800 அடியைத் தொடும். வேகம் ஒன்றரை மடங்கு என்றால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பிளஸ் டூ இயற்பியல்தான் மக்களே. வேகத்தின் வர்க்கம்! மருந்து எரிந்து வரும் வாயு நீளக் குழலில் இன்னும் கொஞ்ச தூரம் குண்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

மூன்று, கட்டையைத் தோளில் வைத்துச் சுடுவதால் குறி நிற்கும். ரிவால்வரில் 25 மீட்டருக்கு மேல் சாதாரண ஆளுக்குக் குறி தடுமாறும். அதே தோட்டா கார்பைனில் 100 மீட்டர் வரை உருப்படியாக வேலை செய்யும்.

பெரிய விலங்குகள் இருக்கும் பகுதி என்றால் .44 மேக்னம். பழைய கௌபாய் ஆசை என்றால் .45 கோல்ட் அல்லது .44-40. தயாரிப்பாளர்களுக்கும் பஞ்சமில்லை. மார்லின் (2020-ல் ரூகர் கம்பெனி வாங்கிவிட்டது), ஹென்றி, பிரேசிலின் ரோஸி, இத்தாலியின் உபெர்ட்டி.

இரண்டு எச்சரிக்கை. குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும்போது பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பற்றவைக்கும் கேப்பில் இடிக்கும். கூர் மூக்குக் குண்டு போட்டால் உள்ளேயே வெடிக்கலாம், தட்டை மூக்குதான் போட வேண்டும். அடுத்தது, தோட்டா ஒரே அளவு என்பதால் இரண்டு துப்பாக்கியும் ஒரே பலம் என்று அர்த்தமில்லை. 1892-ல் வந்த வின்செஸ்டருக்கென்று வீரியமான .44-40 தோட்டா பின்னாளில் விற்றார்கள். அதை 1873 மாடலிலோ ரிவால்வரிலோ போடக் கூடாது. ஜோடியில் பலவீனமானது எதுவோ, அதற்குத் தகுந்த தோட்டாதான் இரண்டுக்கும்.

ஆக, இந்த விஷயத்தில் என் முதல் கருத்து இது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும், என்ன வேலைக்கு, யார் கணக்கு வைப்பார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் இரும்பைப் பற்றிப் பேச வேண்டும்.

நம்ம பக்கத்து வின்செஸ்டர்

வின்செஸ்டர் தமிழ்நாட்டுக்கு வரவே இல்லையா? வந்தது. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1974-ல் இறந்தார்) ஆட்கொல்லிப் புலி, சிறுத்தை வேட்டைகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். ஜவளகிரி, பென்னாகரம் என்று அவர் சுற்றிய காடுகள் அன்று சேலம் ஜில்லா. அவருடைய துப்பாக்கி .405 வின்செஸ்டர், 1895 மாடல். அதுவும் லீவர் ஆக்ஷன்தான். ஆனால் அதில் குழாய் கிடையாது, தோட்டாக்கள் ஒரு பெட்டிக்குள் நிற்கும். 300 கிரெய்ன் குண்டு. எந்த ரிவால்வரும் அந்தத் தோட்டாவைச் சுடாது. ஆண்டர்சனுக்கு ஜோடி தேவைப்படவில்லை, புலியை ஒரே அடியில் நிறுத்தும் தோட்டாதான் தேவைப்பட்டது. வேலைதான் தோட்டாவை முடிவு செய்கிறது என்பதற்கு நம்ம பக்கத்து உதாரணம் இது.

இங்கே வாங்க முடியுமா?

இப்போது உண்மையான இந்தியாவுக்கு வருவோம். ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. 2019-ல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் அதிகபட்சம் இரண்டு. அதற்கு முன்னால் மூன்று. அட, இரண்டு என்றால் ஒரு ரிவால்வர், ஒரு கார்பைன், ஜோடி சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இல்லை.

கைத்துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. நம்ம அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் ரிவால்வர் .32. பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி 2014-ல் வந்த 'நிர்பீக்' கூட .32 தான். அரசுத் தொழிற்சாலை ரைஃபிள் என்றால் .315. இது பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் ராணுவத் தோட்டாவின் வழியில் வந்தது. ராணுவத்தின் .303 பொதுஜனங்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் தேர்ந்தெடுத்தது. .32-ம் .315-ம் எண்ணில் மட்டும்தான் அண்ணன் தம்பி. ஒன்று சுண்டுவிரல் சைஸ், இன்னொன்று அதைவிட ரொம்ப நீளம். பகிர்ந்துகொள்ளவே முடியாது.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? டெக்ஸின் லாஜிக் 'எங்கும் கிடைக்கும் தோட்டாவைத் தேர்ந்தெடு' என்பது. நம்ம நாட்டில் எங்கும் கிடைக்கும் தோட்டா என்றால் போலீஸும் ராணுவமும் பயன்படுத்தும் 9 எம்எம், .303 வகையறா. அவற்றைச் சுடும் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ரகம். அங்கே எது பொதுவோ அது வசதி. இங்கே எது பொதுவோ அது தடை. காரணமும் நியாயமானதுதான். அரசாங்கத் தோட்டா திருட்டுப் போனால் அது வெளியே எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தக் கூடாது.

அதனால் நம்ம ஊரில் ரிவால்வர் லைசென்ஸ் கேட்பவரைப் பார்த்தால் எனக்கு ஒரே சந்தேகம்தான். என்ன வேலைக்கு? கல்யாண மண்டபத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டவா? பன்றியை ரிவால்வரால் விரட்ட முடியாது. நம்ம பக்கத்து விவசாயிக்குத் துப்பாக்கி என்று ஒன்று தேவைப்பட்டால் அது நீளத் துப்பாக்கிதான்.

மலைமேல் இருக்கும் துப்பாக்கி

சின்னசேலம் பக்கம் நின்று வடமேற்கே பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலையில் துப்பாக்கி புதுசில்லை. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சிலரிடம் நாட்டுத் துப்பாக்கி இருப்பதும், கரியாலூர் பக்கம் போலீஸ் பறிமுதல் செய்வதும் பேப்பரில் அடிக்கடி வரும் செய்தி. 'எஸ்.பி.எம்.எல்.' என்று போட்டிருப்பார்கள். ஒற்றைக் குழல், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று அர்த்தம்.

குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ வைத்து அடைத்து, ஈயக் குண்டோ சைக்கிள் பால்ரஸ் குண்டோ போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். பின்பக்கம் ஒரு கேப்பு. சுத்தியல் அதில் விழுந்தால் வெடிக்கும். யோசித்துப் பாருங்கள், இதற்குத் தோட்டா என்று ஒன்றே கிடையாது. கடை வேண்டாம், நம்பர் வேண்டாம், கையில் கிடைத்ததைப் போட்டுச் சுடலாம். ஒரே தோட்டா ஐடியாவையே தூக்கிச் சாப்பிடும் வசதி!

ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மருந்தை அளப்பவர் யார்? குழல் எந்தக் குழாயில் செய்தது? அழுத்தம் தாங்குமா? கெட்டித்த துப்பாக்கியை வெறும் துப்பாக்கி என்று நினைத்துச் சுவரில் சாய்த்து வைத்தால்? குழந்தை எடுத்தால்? இருட்டில் அசைவதைப் பன்றி என்று நினைத்து மனுஷனைச் சுட்டுவிட்ட சம்பவங்கள் தமிழ்நாட்டு மலைகளில் நடந்திருக்கின்றன. மாட்டினால் சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதே 1959 சட்டத்தின் 13-ம் பிரிவை எடுத்துப் பாருங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் துப்பாக்கியும் தரலாம் என்கிறது. அதாவது மலைக்காரர் கையில் இருக்கும் அதே ரகத்துக்குச் சட்டத்தில் கதவு இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடித்து, பாரம் நிரப்பி, போலீஸ் விசாரணை, வருவாய்த்துறை விசாரணை என்று நடையாய் நடப்பவருக்கு அந்தக் கதவு எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸ் வாங்குவதிலிருந்தே விலக்கு. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. நான் கல்வராயனுக்கு அப்படி விலக்கு கேட்கவில்லை. ஒரு மலைச் சமூகத்தின் துப்பாக்கி பாரம்பரியம், இன்னொரு மலைச் சமூகத்தின் துப்பாக்கி குற்றம் என்று இருப்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

அப்போ எல்லாருக்கும் துப்பாக்கியா?

கிடையாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுட அனுமதி வேறு. காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறை இது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறை சுடலாம். விவசாயி அல்ல, வனத்துறை. கேரளாவில் 2022-ல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட வைத்தார்கள்.

கல்வராயன் ஊர்கள் பல காட்டை ஒட்டியே இருப்பவை. அங்கே குண்டு போட்டுச் சுட வழியே இல்லை. அப்புறம் எதற்கு லைசென்ஸ்? சத்தத்துக்கு! வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியின் ஒரு குணம், குண்டே போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வெடிக்கலாம். பன்றி கலைந்து ஓடும், யாரும் சாக மாட்டார்கள். பன்றி நாளடைவில் சத்தத்துக்குப் பழகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் மாற்று என்னவென்று பாருங்கள். கொல்லையைச் சுற்றித் திருட்டு மின்வேலி, இல்லையென்றால் அவுட்டுக்காய். மின்வேலியில் பன்றியைவிட முதலில் சிக்குவது தண்ணீர் பாய்ச்சப் போகும் மனுஷன். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் சாவது மாடும் யானையும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளிமலையிலேயே முகாம் போட்டு, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் மனுக்களை வாங்கட்டும். தானாக நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அறிவிப்பது உண்டு. அதோடு நிறுத்தாமல், ஒப்படைப்பவர் உண்மையான விவசாயி என்றால் சோதித்து எண் குத்திய துப்பாக்கி ஒன்றுக்கு லைசென்ஸ் கொடுக்கட்டும். எப்படிக் கெட்டிப்பது, எப்படிப் பூட்டி வைப்பது என்று இரண்டு நாள் பயிற்சி கட்டாயம். மருந்து வாங்கினால் கணக்கு. சமவெளியில் எங்கே சுட அனுமதி உண்டோ அங்கே வனத்துறை ஆள் முன்னிலையில்தான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. லைசென்ஸ் கொடுத்தால் மான் வேட்டைக்குப் போவார்கள் என்பார்கள். போகலாம். ஆனால் இன்று போகிறவர் துப்பாக்கிக்கு எண்ணும் இல்லை, பேரும் இல்லை. எண் குத்திய துப்பாக்கிக்காரருக்கு இழப்பதற்கு ஒரு லைசென்ஸாவது இருக்கும். துப்பாக்கி கூடினால் சாவு கூடும் என்பார்கள். அது உலகம் பூராவும் பார்த்த உண்மை, நான் மறுக்கவில்லை. அதனால்தான் ரிவால்வர் வேண்டாம், தோட்டாப் போடும் ரைஃபிளும் வேண்டாம் என்கிறேன். ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிஷம் ஆகும் துப்பாக்கியால் சண்டையில் பெரிதாகச் சாதிக்க முடியாது. சட்டம் எழுதியவர்கள் வாய்வழித் துப்பாக்கியைப் பயிருக்கென்று பெயர் சொல்லி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டெக்ஸ் வில்லருக்குக் கேள்வி சுலபம். ஒரு பெட்டித் தோட்டா, இரண்டு துப்பாக்கி, ஒரு குதிரை. நம்ம விவசாயிக்கு ஜோடியாக வேண்டியது ரிவால்வரும் கார்பைனும் அல்ல. ஒரு கையில் எண் குத்திய நாட்டுத் துப்பாக்கி, இன்னொரு கையில் அதற்கான லைசென்ஸ். இந்த ஜோடியைத்தான் இன்னும் யாரும் அவருக்கு விற்கத் தயாராக இல்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், சுட மட்டும் வேண்டாம் :-)

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் பட்டறைக்குப் போய் "அண்ணே, ஒரு குழாய் இருக்கா?" என்று கேட்காதீர்கள். இரண்டு வருஷம் குறைந்தபட்சம், ஞாபகம் இருக்கட்டும்.